ஜாக்கிப் பலகையும் வாசல் நிலையும்

சித்தப்பாவின் ஜீப் கண்மாய்க் கரையில் புதைந்தது 1967ஆம் வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. வண்டியை வாங்கியவர் தான் என்பதால் தனக்குத்தான் தெரியும் என்று சித்தப்பா 1968ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் 1967 கட்சி. அன்றைக்கு வழிநெடுகச் சுவர்களில் தேர்தல் சின்னங்கள் இருந்தன. மழையில் கரைந்திருந்தாலும், எது எந்தச் சின்னம் என்று என்னால் சொல்ல முடிந்தது. இரண்டு மழைக்காலம் தாங்கிய சுவர்ச் சித்திரத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆகவே ஒரு மழைதான், ஆகவே 1967. சித்தப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை.

மாதத்தில் மட்டும் இருவருக்கும் தகராறு கிடையாது. கார்த்திகையின் கடைசி. அன்றைய அவசரமெல்லாம் அதனால்தான் வந்தது.

அப்பாவின் தங்கையான அத்தை ஒக்கூரில் வாழ்க்கைப்பட்டவர். அதற்கு முந்தின ஆண்டு ஆடிக்குக் காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. எனக்குத் தலை பின்னிவிடுவதற்காகவே தங்கிவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒக்கூர் வீட்டில் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரின் குடும்பங்களும் ஒரே வாசலுக்குள் இருந்தன. அங்கே மாமியாருக்கும் அத்தைக்கும் என்ன வார்த்தை தடித்தது என்பதை எவரும் எனக்குச் சொன்னதில்லை. அத்தை சொன்ன ஒரு பேச்சு மட்டும் உறவுக்காரர்கள் வாயில் தங்கிவிட்டது: “எனக்குன்னு ஒரு வாசல் வைக்கட்டும். அன்னைக்கு வாரேன்.”

மாமா, அதாவது அத்தையின் கணவர், அழைக்கவும் வரவில்லை. ஆள் விட்டும் கேட்கவில்லை. ஓராண்டுக்கு மேல் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள், ஊருக்கு வெளியே இருந்த மனையில் அவர் தனியாக வீடு கட்டத் தொடங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. எங்களுடையது தச்சு வேலைக் குடும்பம். தலைவாசல் நிலை பிறந்த வீட்டுச் சீராக வரும் என்று அப்பா சொல்லி அனுப்பினார். நிலை வைக்கும் நேரத்தில் அத்தையும் மாமாவும் சேர்ந்து நிற்பது, அதன் பிறகு அத்தை அங்கேயே இருந்துவிடுவது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி முடித்தார்கள். மார்கழி பிறந்துவிட்டால் நிலை வைக்க மாட்டார்கள், தை வரை பொறுக்க வேண்டும். முகம் பார்க்காத இரண்டு பேரை ஒரு நாளுக்கு இணங்க வைத்ததே பெரும்பாடாக இருந்திருக்கிறது. தைக்குள் யார் மனம் எந்தப் பக்கம் திரும்புமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, என்னைத் தவிர. நிலை வைக்கப் போகிறோம், பாயசம் உண்டு என்பதோடு என் அறிவு முடிந்திருந்தது.

நிலை தேக்கு. மேல் கட்டையில் பூவேலை சித்தப்பாவுடையது, மற்றதெல்லாம் அப்பா. பட்டறையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, சூடம் காட்டினார்கள். அப்படிப் பட்டறையை விட்டுக் கிளம்பிய நிலையை, சுவரில் நிறுத்தும்வரை வழியில் எங்கும் தரையில் படுக்கப் போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஜீப்பின் பின்கட்டில் காலை ஊன்றி, முன் கண்ணாடிக்கு மேலே தலையைச் சாய்த்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுகக் கட்டினார்கள். தம்பி பிறந்து மாதம் ஆகாததால் அம்மா வரவில்லை. அப்பா, சித்தப்பா, அத்தை, நான், நிலை, சீர்ப் பாத்திரங்கள், வேலைச் சாமான் பெட்டி. விடிந்ததும் புறப்பட்டோம். பத்து மணியை ஒட்டி நல்ல நேரம் முடிகிறது என்று சொன்னார்கள்.

ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். முன் சக்கரங்கள் இழுப்பதை மறந்து வெகுகாலமாகியிருந்தது. வண்டியோடு திருகு ஜாக்கி ஒன்றும் வந்தது. ஜாக்கி மண்ணில் இறங்காமலிருக்க அடியில் ஒரு பலகை வேண்டும் என்று யாரோ சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வேறொருவராக இருந்தால் ஏதாவது மரத்துண்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். சித்தப்பா தச்சர். நல்ல தேக்காகப் பார்த்து எடுத்து, இருபக்கமும் இழைத்து, ஓரங்களை உருட்டி, பாலீஷ் போட்டு, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜீப்பைக் காட்டிய பிறகு அந்தப் பலகையையும் எடுத்துக் காட்டுவார்.

திருப்பத்தூர் தாண்டித் தெற்கே திரும்பி வெகுதூரம் வந்த பிறகு, தார் ரோட்டோடு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கண்மாய்க் கரையை ஒட்டிய வண்டிப் பாதையில் போனால் புது மனைக்கு நேராகப் போய் இறங்கலாம் என்றார் சித்தப்பா. கண்மாய் நிறைந்து, மடையோரம் கசிந்த தண்ணீர் பாதையைக் களியாக்கியிருந்தது. பின் சக்கரம் ஒன்று மெதுவாக, மரியாதையாகக்கூட, இறங்கியது. சித்தப்பா விசையை மிதிக்க மிதிக்க அது இன்னும் ஆழமாக இறங்கியது.

“நிப்பாட்டுடா. கெணறு தோண்டவா வந்தோம்?” என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஜாக்கியையும் பலகையையும் எடுப்பதற்கு அன்றுதான் முதல் முறையாகக் காரணம் கிடைத்தது. பலகையைக் களிமேல் வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தித் திருகத் தொடங்கினார். நேரம் போய்க்கொண்டிருந்ததால் நிலையை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் எங்கே வைப்பது? பாத்திரங்களை இறக்கவில்லை. அத்தை இறங்கப் போனபோது, சீர் கொண்டு போகிற பொண்ணு வழியில் சேற்றை மிதிக்கக் கூடாது என்று சித்தப்பா தடுத்துவிட்டார். அப்படி ஒரு வழக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆக, நிலை, பாத்திரம், அத்தை, நான் எல்லோரும் மேலே இருக்க, வண்டியைத் தூக்கினார்கள்.

வண்டி எழும்பியது. எனக்கு ஊஞ்சல்போல இருந்தது. அப்பா சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுக் குழியில் கல் அடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கல்லை எடுக்கத் திரும்பினார். அப்போது இழைத்த பலகை களியில் வழுக்கிக்கொண்டு, தோணிபோல ஒரு பக்கமாகப் போனது. ஜாக்கி சாய்ந்து தெறித்தது. வண்டி பொத்தென்று உட்கார்ந்தது. அத்தை ஒரு கையால் என்னையும் மறு கையால் நிலையையும் பிடித்துக்கொண்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா எழுந்து நின்றார். வலக்கையை உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சித்தப்பா அந்தக் கையையே பார்த்தபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாரும் எறங்குங்க,” என்றார் அப்பா. “எல்லாத்தையும் எறக்கு.”

“நிலைய எங்குட்டுண்ணே வைக்கிறது? படுக்கப் போடக் கூடாதுல்ல.”

அத்தை ஏற்கெனவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கியிருந்தார். “படுக்கப் போடத்தான கூடாது? நிறுத்துங்க,” என்றார்.

கரைமேல் மேடான ஓர் இடத்தில், சாமான் பெட்டியிலிருந்து எடுத்த சட்டங்களைப் பரப்பி, அதன்மேல் நிலையை நேராக நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் இருந்த கருவேல மரங்களில் கயிற்றை இழுத்துக் கட்டினார் அப்பா. கட்டி முடித்து, அசைத்துப் பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பி, “ஆளுக்கு ஒரு பக்கமா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. என்ன ஆனாலும் வண்டிப் பக்கம் வரப்படாது,” என்றார்.

அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்னால் கண்மாய்த் தண்ணீர், பின்னால் வயல், நடுவில் மாவிலை கட்டிய வாசல். நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். அது 1967ஆ 1968ஆ என்பதைப் பொறுத்தது. ஒரு வீட்டைக் காவல் காக்கும் பொறுப்பு அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. கால் அரித்தபோதுகூட ஒரு கையை எடுக்காமல்தான் சொறிந்துகொண்டேன். மற்றக் கையும் தவறி நழுவிவிட்டது. நிலை அப்படியே நின்றது. அதை யாரிடமும் சொல்லாமல் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

அப்பா மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்து, பலகையின் பாலீஷ் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்தத் தொடங்கினார்.

“அண்ணே, பாத்துப் பாத்து இழைச்ச பலகைண்ணே.”

“அதான் வழுக்குது. இது ஜாக்கி நிக்கிற பலகையா, மாப்பிள்ளை ஒக்காருற மணையா?”

சித்தப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய வீடுகளில் தொய்ந்துபோன உத்திரத்தை ஜாக்கி வைத்துத் தூக்குவது அவர்கள் இருவருக்கும் பழகிய வேலை. ஒரு விரற்கடை தூக்குவார்கள், உடனே அடியில் கட்டையை அடுக்குவார்கள், பிறகு அடுத்த விரற்கடை. ஜாக்கி தூக்கிக் கொடுக்கும், தாங்கிக்கொண்டு நிற்க அதை நம்பக் கூடாது. கட்டை கொடுக்காமல் ஒருவரும் உத்திரத்துக்குக் கீழே தலையையோ கையையோ நீட்ட மாட்டார்கள். செட்டியார் வீட்டு உத்திரத்துக்குத் தருகிற மரியாதையைச் சொந்த ஜீப்புக்குத் தர வேண்டும் என்று அதுவரை இருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்தார்கள். களியை வழித்தெடுத்துவிட்டு, கெட்டியான மண் தெரிந்த இடத்தில் பனைமட்டைகளைப் பரப்பி, அதன்மேல் மீதிச் சட்டங்களைக் குறுக்காகப் போட்டு, கொத்திய பலகையை வைத்தார்கள். அதன்மேல்தான் ஜாக்கி. சித்தப்பா எட்டி நின்று திருகினார். கொஞ்சம் எழும்பியதும் அப்பா ஒரு கழியால் கட்டையை அச்சுக்கு அடியில் தள்ளினார். கையை உள்ளே விடவே இல்லை.

அந்த நேரத்தில் கரைமேல் ஒரு சைக்கிள் வந்தது. மாமா.

நேரம் ஆகியும் எங்களைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். பூசைக்கு உட்காரத் தயாரான கோலம். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். வெட்டவெளியில் ஒரு வாசல் நிற்பதையும் அதன் ஓரத்தில் அத்தை நிற்பதையும் பார்த்து, சைக்கிளிலிருந்து இறங்கியவர் ஸ்டாண்டு போடாமலே கையை விட்டுவிட்டார். சைக்கிள் விழுந்தது. அதை எடுத்து நிறுத்துகிற சாக்கில் சிறிது நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நேராக வண்டிப் பக்கம் போய், வேட்டியை மடித்துக் கட்டினார்.

“தள்ளுங்க மச்சான், நான் திருகுறேன்.”

மாமாவுக்குப் பொன் வேலை. சித்தப்பா அந்த வேதனையிலும் சிரித்துவிட்டார். “குன்றிமணி எடைக்கு மேல தூக்குன கையா இது? ஊதுகுழலு இல்ல மச்சான், ஜாக்கி.”

அப்பா சிரிக்கவில்லை. “இங்குட்டு ஆளு இருக்கு மாப்ளே. நீங்க அங்குட்டுப் போயி நிலையப் பிடிங்க. பாவம், சின்னப் பிள்ளை, கை வலிச்சுப் போயி நிக்கிது.”

எனக்குக் கை வலிக்கவே இல்லை. அதைச் சொல்வதற்குள் மாமா வந்து என் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பா அங்கிருந்தே சொன்னார். வீட்டுக் காவலிலிருந்து அண்டா காவலுக்கு இறக்கப்பட்டவளாக, நான் பக்கத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

நிலையின் ஒரு காலை அத்தை பிடித்திருந்தார், மறுகாலை மாமா. இருவரும் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தைதான் முதலில் பேசினார்.

“அடுப்படி எங்குட்டு வச்சிருக்கீக?”

“தென்கெழக்கு மூலையில.”

“சன்னல்?”

“ரெண்டு விடச் சொல்லிருக்கேன். பொகை போகணும்ல.”

“கெணறு?”

“இனிமேத்தான்.”

இப்படிப்பட்ட சுவாரசியமில்லாத பேச்சுக்காகவா என் இடத்தைப் பிடுங்கினார்கள் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

“ஒரு காயிதம் போட்டிருக்கலாம்,” என்றார் அத்தை.

“போட்டா வந்திருப்பியா?”

“வந்திருக்க மாட்டேன்.” சிறிது பொறுத்து, “போட்டிருக்கலாம்,” என்றார்.

மாவிலை ஒன்று கயிற்றில் புரண்டிருந்தது. மாமா கையை நீட்டி அதைத் திருப்பிவிட்டார்.

வண்டியோரத்திலிருந்து சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்து, “அண்ணே, நல்ல நேரம் முடியப் போகுது,” என்று சத்தம் கொடுத்தார். “முடிஞ்சா முடியட்டும். கட்டையத் தள்ளு,” என்றார் அப்பா. நிலையோரத்தில் மாமா மட்டும் பாதையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “தைக்கித்தான் போகும்போல,” என்றார், தனக்குத்தானே.

“எதுக்கு?” என்றார் அத்தை. “நிலை நிக்கிது. நீக ஒரு பக்கம் நிக்கிறீக, நான் ஒரு பக்கம் நிக்கிறேன். நேரம் இன்னும் இருக்கு. பெறகு என்ன வேணுமாம்?”

மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கு வந்த பிறகு அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

குழியைக் கல்லாலும் பனைமட்டையாலும் அடைத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, ஜாக்கியை இறக்கினார்கள். எவரும் பின்னால் நிற்கக் கூடாது என்று அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் கையைக் காட்டினார். சித்தப்பா விசையை மெதுவாக மிதித்தார். ஜீப் உறுமிக்கொண்டு, மட்டைகளை மிதித்து, கெட்டித் தரைக்கு வந்து நின்றது. நல்ல நேரம் அதற்குள் முடிந்திருந்தது.

ஒக்கூரில் மாமியார் புது மனை வாசலிலேயே நின்றிருந்தார். வாசல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். சுவரில் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். வண்டி வந்து நின்றதும் அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார்.

“நேரம் போச்சேப்பா.”

“நேரத்துக்கு நிறுத்தியாச்சு ஆத்தா,” என்றார் மாமா. “கண்மாய்க் கரையில. இங்க பதிக்கிறதுதான் பாக்கி. அதைச் சாயங்காலத்துக்குள்ள எப்பவும் செய்யலாம்.”

“கரையில நிறுத்துனீகளா? யாரு பிடிச்சா?”

“நாங்க ரெண்டு பேருந்தான்.”

முதலில் பிடித்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தையின் கை என் தோளில் அழுத்தமாக விழுந்தது. மாமியார், கணுக்கால்வரை சேறாக நின்ற அத்தையையும், புது வேட்டியில் களி அப்பியிருந்த மகனையும் ஒரு முறை பார்த்தார். சாத்திரப்படி இதை ஒப்புக்கொள்ளலாமா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். கடைசியில், “காலக் கழுவிட்டு வாங்க. ஆலாத்தி கரைக்கிறேன்,” என்று உள்ளே போனார். பாயசம் இருந்தது. அதில் எனக்குக் குறையில்லை.

அன்று மாலையே நாங்கள் கிளம்பிவிட்டோம். இந்த முறை தார் ரோடு வழியாக. அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் இருந்தார்கள். கொத்துப்பட்ட பலகை சித்தப்பாவின் காலடியில் கிடந்தது. நான் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். என் மனத்தில் காலையிலிருந்து ஒரு நியாயம் உறுத்திக்கொண்டே இருந்தது. திருப்பத்தூர் வருவதற்குள் அதைச் சொல்லிவிட்டேன்.

“அப்பா, அந்த நிலைய யாருமே பிடிக்க வேணாம்ப்பா. நான் கைய விட்டுப் பாத்தேன், விழல. கயிறே பிடிச்சிருந்துச்சு. மாமாவும் அத்தையும் சும்மாவே பிடிச்சுக்கிட்டு நின்னாக. நீங்க வண்டியெல்லாம் எடுத்துட்டு வந்து கூப்பிட்ட பெறகும் விடாம நின்னாக.”

சித்தப்பா ஏதோ சொல்ல வந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“கயித்தக் கட்டுனது யாரு?” என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடியே.

“நீங்கதான்.”

“பெறகென்ன?”

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டேன் என்பது அவருடைய குரலிலிருந்து தெரிந்தது. அந்தத் திருப்தியோடு காலை நீட்டிப் படுத்தேன். அத்தை வராததால் பின்னால் இடம் தாராளமாக இருந்தது.